அடுப்பு மேடைக்கு யாருடைய அளவு?

என் ஒட்டடைக்கம்பு அக்காவுக்கு,

கோபிக்காதே. உன்னை அப்படிக் கூப்பிட்டுச் சண்டை போட இனி எனக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். நீ நின்று சமைக்கக் கேட்ட புதுக் குசினி வந்துவிட்டது.

தேயிலைத் தோட்டத்தின் பழைய வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போய்விட்டார். புதிதாக வந்த துரை, அத்தானைப் போன்ற கணக்கப்பிள்ளைமாரின் வீடுகளைச் சுற்றிப் பார்த்தார். கரையான் அரித்த உன் மண் மேடையைக் கண்டு முகம் சுளித்து, உடைத்துவிட்டுச் சீமெந்தில் கட்டச் சொன்னார். அத்தான் மூன்று வருடம் கெஞ்சியும் நடக்காத காரியம். நீ இருக்கும்போதே நடந்திருக்கக் கூடாதா?

சிவப்புச் சீமெந்தா, கறுப்பா என்று அத்தானே கேட்டு, அத்தானே பதிலும் சொன்னார். "சிவப்பு. உங்க அக்காவுக்கு அதுதான் புடிக்கும்." அலுமாரிக்குக் கம்பி வலைக் கதவு, மேல் தட்டில் அரிசி, எல்லாம் நீ ஆசைப்பட்டபடி. அந்த மேல் தட்டு எனக்கு எட்டாது. அதை யாரும் கேட்கவில்லை.

உன் கருமாதி முடிந்ததும் மஸ்கெலியாவுக்குத் திரும்பிவிடலாம் என்று ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவள் நான். அங்கே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் காத்திருந்தார்கள். "தாயில்லாத புள்ள முகத்தப் பாருடி" என்று அம்மா அழுதாள். பார்த்தேன். பார்த்த குற்றத்துக்கு உன் புருஷனையே எனக்குக் கட்டி வைத்தார்கள். ஒன்றரை வருடமாகிறது. பெட்டியை நான் இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை, அக்கா.

போன கிழமை மேடை கட்ட மேசன் பாஸ் வந்தார். அத்தான் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு நூலை எடுத்தார். உன் கையால் இரண்டு முடிச்சுப் போட்ட நூல். ஒரு முடிச்சைத் தரையில் வைத்தால் மற்றது நீ கேட்ட மேடையின் உயரம். பாஸ் அதை என் பக்கத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்துவிட்டார். என் நெஞ்சு வரைக்கும் வந்தது.

"ஐயா, இங்க நின்னு சமைக்கப் போறது யாருங்க?"

அத்தான் தரையைப் பார்த்தார். "அளவு அதுதான் பாஸ். இவ ஒரு பலகையப் போட்டு ஏறி நின்னுக்குவா."

வந்ததே எனக்கு ஒரு கோபம்! "ஏத்தி வைக்கிறதுக்கு நான் என்ன கோயில் சிலையா?" என்று கேட்டு, நூலைப் பிடுங்கி, என் இடுப்புக்கு நேராக மூன்றாவது முடிச்சைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஜெயித்துவிட்டேன் என்றா நினைக்கிறாய்? உன் உயரத்தில் கட்டியிருந்தால் தோள் வலித்திருக்கும், அவ்வளவுதான். இது அக்காவின் குசினி, நான் விருந்தாளி, ஒரு நாள் கிளம்பிவிடலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு இருந்திருக்கலாம். இப்போது என் அளவிலேயே கட்டியாகிவிட்டது. சீமெந்தும் காய்ந்துவிட்டது. இனி நான் எங்கே போவேன்?

சீமெந்து காய்ந்த அன்று சாயந்தரம், பள்ளிக்கூடம் விட்டு வந்த உன் மகள் செல்வி, புத்தகத்தைப் போட்டுவிட்டு மேடைக்கு முன்னால் போய் நின்றாள். பத்து வயதுதான், அதற்குள் உன்னைப் போல நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள்.

"சித்தி, இங்க பாருங்க, எனக்கும் சரியா இருக்கு! நாளைக்கு நானே ரொட்டி சுடுறேன்."

நீ போன பிறகு அத்தான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். "நல்லதாப் போச்சு. இன்னும் ரெண்டு வருஷத்துல படிப்ப நிப்பாட்டிருவோம். உனக்கு ஒத்தாசையா இருப்பா."

என் முடிச்சில் இந்தப் பிள்ளையையும் சேர்த்தா கட்டிவிட்டேன்?

"அந்தப் பேச்சு வேணாங்க. அவ ஹட்டன் டவுன்ல தங்கிப் படிக்கப் போறா" என்றேன். அத்தான் முகத்திலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.

நேற்று என் டிரங்குப் பெட்டியைப் பிரித்தேன். சேலைகளை எல்லாம் எடுத்து உன் சேலைகள் இருந்த இடத்தில் வைத்தேன். மூடியின் உள்பக்கம் இருந்த என் பெயரை அழித்துவிட்டுச் செல்வியின் பெயரை எழுதினேன். அடியில் உன் நூலைப் போட்டிருக்கிறேன்.

இந்த மேடைக்கு முன்னால் நான் நிற்கிறேன், அக்கா. எனக்கு வேறு வழியில்லை. ஆனால் அந்த நூலில் செல்விக்கென்று நாலாவது முடிச்சை யாரையும் போட விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் குள்ளத் தங்கச்சி,
உன் செல்வியின் சித்தி