என் பெயரில் வேலை செய்தவள்

ஃபுகுவோகா,
மார்ச் 9.

அன்புள்ள பபித்ரா அக்காவுக்கு,

ஜுனு எழுதுகிறேன். உறையின் மேல் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. நீ சுகமா என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆறு மாதமாக என் போனை நீ எடுக்கவில்லை. எடுக்காததில் தப்பில்லை.

இங்கே குளிர் குறைந்துவிட்டது. நம் அறைக்கு வேறு யாரும் வரவில்லை. உன் படுக்கை நீ விட்டுப்போனபடியே கிடக்கிறது. சுருட்டி வைக்க இரண்டு முறை கையை நீட்டினேன், முடியவில்லை.

இனி நான் எழுதப்போவதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இதை உன் அப்பாவும் படிக்க வேண்டும். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

மாணவர் விசாவில் வந்தவர்கள் வாரத்துக்கு இருபத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. மொழிப் பள்ளியில் முதல் நாளே மோரி டீச்சர் இதைப் பலகையில் எழுதி, எல்லோரையும் உரக்கச் சொல்லவைத்தார். நீ ஓட்டலில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலையிலேயே அந்த இருபத்தெட்டையும் முடித்துவிடுவாய். எனக்குக் காய்கறிக் கடையில் பதினெட்டுதான். முதியோர் பராமரிப்புக் கல்லூரியில் சேர நீ இன்னும் சம்பாதிக்க வேண்டியிருந்தது. பெட்டிச் சாப்பாடு தயாரிக்கும் தொழிற்சாலையில் சனி ஞாயிறுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்தாய். அடுப்பில் நம் ஊர்க் குந்துருக் கீரைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. “உனக்கு இன்னும் பத்து மணி நேரம் மிச்சம் இருக்குல்ல? உன் பேரு சும்மாதானே கெடக்கு, அது போய் ரெண்டு நாள் வேலை செய்யட்டுமே. ஜப்பான்காரங்களுக்கு நம்ம மூஞ்சி எல்லாம் ஒண்ணுதான்டி” என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். பெட்டியைத் திறந்து, என் குடியிருப்பு அட்டையை என் கையால் எடுத்து உன்னிடம் கொடுத்தேன்.

அக்கா, இந்த வரியை மட்டும் உன் அப்பா இரண்டு முறை படிக்கட்டும். நான்தான் கொடுத்தேன்.

ஒவ்வொரு வாரமும் கொடுத்தேன். வழியில் போலீஸ் அட்டையைக் கேட்டால் காட்ட ஒன்றுமில்லை என்று சனி ஞாயிறு முழுவதும் அறையிலேயே அடைந்து கிடப்பேன். பத்து மணி நேரம் பதினாறு ஆனதும் எனக்குத் தெரியும். நீ மறைக்கவில்லை.

ஆகஸ்டில் குடிவரவு அலுவலகத்தில் விசாவை நீட்டிக்கக் கொடுத்தபோது வருமானச் சான்றிதழில் என் பெயரில் இரண்டு வேலைகள் இருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் சின்ன வயதுக்காரர், மெதுவாகத்தான் கேட்டார்: “இந்த ரெண்டாவது வேலை நீங்க செஞ்சதா?” என் வாயில் வந்தது இதுதான்: “எனக்குத் தெரியாது. என் ரூம்ல இருக்கறவ எனக்குத் தெரியாம அட்டையை எடுத்திருக்கணும்.” யோசித்துச் சொன்னதல்ல, அது உண்மை. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க எத்தனையோ நாள் இருந்தது. அப்போதும் நான் மாற்றவில்லை.

பிறகு உன்னைக் கூப்பிட்டார்கள். மோரி டீச்சர் நமக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நீ என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய். “ஆமா, நான்தான் எடுத்தேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது” என்றாய். ஏன் அக்கா அப்படிச் சொன்னாய்? அங்கேயே என் தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கலாமே. மூன்று வாரத்தில் உன்னை ஊருக்கு அனுப்பினார்கள். எனக்கு விசா கிடைத்தது.

அதன் பிறகு வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது மோரி டீச்சர் பழக்கத்தில் ‘ஆலே’ என்று உன் குடும்பப் பெயருக்கு வாயெடுத்து நிறுத்திக்கொள்வார். அடுத்தது என் பெயர். இருக்கிறேன் என்று சொல்லக் குரல் வராது. சில நாள் வராதவள் என்றே குறித்துவிட்டார்.

தசைன் பண்டிகைக்கு அம்மா போன் செய்தாள். பெருமையாகவே சொன்னாள்: “அந்தத் திருடி வீட்டுக்கு இந்த வருஷம் நெத்தியில டீகா வாங்க ஒருத்தரும் போகல. நாங்களும் போகல.” உன் அப்பா அரிசியும் தயிரும் குழைத்த தட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தாராம். ‘இல்லை அம்மா’ என்று நான் சொல்லியிருந்தால் போதும். சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

டிசம்பரில் கடைக்கு அறுபது வயதுக்கு மேல் ஒரு அம்மா வந்தார். முள்ளங்கியைக் கையில் பிடித்தபடி என் பெயர்ப் பட்டையையே பார்த்தார். “ஜுனுவா? எங்க பெட்டிச் சாப்பாட்டு பாக்டரி லைன்லயும் ஒரு ஜுனு இருந்தா. உன்னைவிட நெட்டை. வாய் ஓயாம பாடுவா” என்றார். எண்டோ அம்மாள், உனக்குத் தெரிந்திருக்கும். “எங்க வீட்டுக்காரர் தவறினப்ப எல்லாரும் தள்ளி நின்னு குனிஞ்சு வருத்தம் சொன்னாங்க. அவ ஒருத்திதான் கையுறையைக் கழட்டிட்டு என் கையைப் பிடிச்சா. சூப்பர்வைசர் கத்தினான். அவ விடலையே! இப்ப எங்க இருக்கா, தெரியுமா?”

“எனக்குத் தெரியாது” என்றேன். மறுபடியும் அதே வார்த்தை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் வந்தார். “ஜுனு ஏதாச்சும் எழுதினாளா?” என்று என்னிடமே கேட்பார். தெருவில் பின்னாலிருந்து யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் நான் திரும்புவதை விட்டுவிட்டேன். உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒதுங்கி வழிவிடுவேன். ஒரு நாள் கீரை கழுவும்போது கடைக்காரர் வந்து, “இன்னிக்கு நல்லாப் பாடுறியே” என்றார். எனக்குப் பாடவே வராதென்று உனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

போன மாதம் எண்டோ அம்மாள் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். அவரே பின்னிய காலுறைகள். “அவ ஊர்ல குளிருமாமே, எப்படியாச்சும் அனுப்பிடு” என்றார். அங்கேயே, காய்கறிகளுக்கு நடுவில், எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அட்டையை அவ எடுத்தாளா, நீ குடுத்தியா?”

“நான்தான் குடுத்தேன்.”

“இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?” என்றார். பொட்டலத்தைத் தன் பையில் திரும்பப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பிறகு வரவேயில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை மோரி டீச்சரிடம் போனேன். “நீ சொல்லாம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே ஜுனு. இன்னும் ஒரு வருஷந்தானே இருக்கு” என்று அவர் கண் கலங்கினார். ஆனாலும் கூடவே வந்தார். அதே கண்ணாடி, அதே ஆள். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் விசாவை ரத்து செய்துவிட்டார்கள். நீ திரும்ப ஜப்பான் வரக் கூடாதென்று உன்மேல் போட்ட தடையை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அளவுக்கு மேல் வேலை செய்தது செய்ததுதான், அதை மாற்ற முடியாது என்றார்கள். அட்டையைத் திருடினாய் என்பதை மட்டும் திருத்திக்கொள்வதாகச் சொன்னார்கள். நான் எழுதிக்கொடுத்ததன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். பின்பக்கம் நம் மொழியில் எழுதியிருக்கிறேன். உன் அப்பா அதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டட்டும், முதலில் என் அம்மாவிடம்.

இருபத்தெட்டாம் தேதி நம் ஊர் தான்சேனுக்கு வந்து சேருவேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் உன் வீட்டுக்குத்தான் வருவேன். உன் அப்பா திட்டட்டும், உட்காரச் சொல்ல வேண்டாம். நீ என் எதிரில் வர வேண்டாம், பேசவும் வேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் வயலுக்கோ சந்தைக்கோ போய்விடாதே அக்கா. உள்ளறையில் இரு. நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்படி ஒரு பாத்திரத்தை நகர்த்து, இல்லாவிட்டால் ஒரு தடவை இருமு. அது போதும், நான் திரும்பிப் போய்விடுவேன்.

உனக்கு ஒரு குறையும் வராமல் தெய்வம் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஜுனு கர்த்தி.