குளம் தெளிந்த வருஷம்

எஸ்பத் சலாமா,
10 ஏப்ரல் 1994

அன்புத் தங்கை தவ்லத்துக்கு, அண்ணன் மஹ்ரூஸ் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அலெக்சாந்திரியா போனதும் எங்களை மறந்துவிட்டாய் என்று உன் அண்ணி குறைப்படுகிறாள். ரமலானில் ஒரு நாளாவது வந்திருக்கலாம். பெருநாளுக்கும் வரவில்லை. அந்த ஆய்வுக்கூடத்துப் பாசியிடம் அப்படி என்னதான் இருக்கிறதோ.

நம் குளம் தெளிந்துவிட்டது. அடியில் கிடக்கும் சேறுகூடத் தெரிகிறது. பச்சைப் பாசித் தண்ணீர் இல்லாமல் புல்ட்டி மீன் எதைத் தின்னும்? விடிந்தால் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. செம்பு முலாம் பூசும் பட்டறையின் கழிவு நம் குளத்து வாய்க்காலில் விழ ஆரம்பித்த பிறகுதான் இப்படி என்று ஊரே சொல்கிறது. பாசன அதிகாரிக்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். நான் போடவில்லை. காப்பிக் கடையில் எல்லார் முன்னாலும் அஷ்மாவி, "உன் தங்கச்சி பட்டறைக்காரன்கிட்ட என்ன வாங்கித் தின்னா?" என்று கேட்டான். "அந்தத் தண்ணியில பாசி சாகலன்னு அவ சோதிச்சு எழுதியிருக்கா. அவ கை பொய் எழுதாது" என்றேன். என்னைப் பார்த்து இன்னும் பதினோரு பேர் கையெழுத்துப் போடாமல் நிற்கிறார்கள். வேறு என்ன காரணமாக இருக்கும், எழுது.

அண்ணன் மஹ்ரூஸ்

*

அலெக்சாந்திரியா,
17 ஏப்ரல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வேலை அதிகம், அண்ணி மன்னிக்கட்டும். இந்த வருஷம் குளிர் நீண்டுவிட்டது, அதனால் இருக்கலாம். கொஞ்சம் சாணம் கரைத்து விட்டுப் பாருங்கள். குழந்தைகளுக்கு முத்தம்.

தவ்லத்

*

எஸ்பத் சலாமா,
1 மே

தவ்லத்துக்கு,

சாணம் கரைத்தேன், கோழி எச்சமும் போட்டேன். பச்சை பிடிக்கவில்லை. நேற்று மீன் செத்து மிதந்தது. சாக்குச் சாக்காக அள்ளிப் புதைத்தோம். பக்கத்துக் குளத்து ஹானிமுடையதும் போயிற்று. புருஷனை இழந்தவள், அந்தக் குளம்தான் அவளுக்குச் சோறு. "உன் தங்கச்சிய நம்பித்தானே இருந்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

உன் கடிதம் நாலு வரி. நீ இவ்வளவு சின்னதாக எழுதியதே இல்லை. மனு பதினைந்தாம் தேதிக்குள் போக வேண்டும். எதையாவது மறைக்கிறாயா?

மஹ்ரூஸ்

*

அலெக்சாந்திரியா,
8 மே

அண்ணா,

நான் யாரிடமும் எதுவும் வாங்கித் தின்னவில்லை. அதைச் சொல்லவும் வாய் கூசுகிறது.

பாசி வளர்க்கும் சத்துநீரில், இரும்பு அடியில் தங்காமல் இருக்க ஒரு வெள்ளைப் பொடி கலப்போம். அது செம்பையும் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். உலோக விஷத்தைச் சோதிக்கும்போது அந்தப் பொடியைச் சேர்க்கக் கூடாது. நான் பழக்கதோஷத்தில் சேர்த்துவிட்டேன். பட்டறைத் தண்ணீரின் செம்பு பாசியைத் தொடவே இல்லை, குடுவை பச்சைப் பசேலென்று வளர்ந்தது. பாதிப்பில்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

ரமலானிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பொடி இல்லாமல் திரும்பச் செய்து பார்த்தேன். நாலாம் நாள் பாசி வெளுத்து அடியில் படிந்தது. அந்த வாரம்தான் இயக்குநர் என் பதவி உயர்வுக்குப் பரிந்துரை எழுதியிருந்தார். நான் வாய் திறக்கவில்லை. பெருநாளுக்கு வராததும் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான். சாணம் கரைக்கச் சொன்ன அன்றும் எனக்குத் தெரியும்.

நேற்று அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது, மனுவோடு சேருங்கள். இந்தக் கடிதத்தைக் காப்பிக் கடையில் ஒரு வரி விடாமல் வாசியுங்கள். எனக்காக நீங்கள் பேசிய இடம் அதுதானே.

தவ்லத்

*

எஸ்பத் சலாமா,
15 மே

தவ்லத்,

வாசித்தேன். ரமலான் என்ற இடம் வந்ததும் நாக்கு புரளவில்லை. அதையும் சாணம் பற்றிய வரியையும் விட்டுவிட்டு நகலுக்குப் போய்விட்டேன்.

பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம், மனு போய்விட்டது. அஷ்மாவி எழுந்து வந்து என் தோளைக் கட்டிக்கொண்டு, "தப்புன்னு தெரிஞ்ச அன்னிக்கே எழுதிட்டா பாரு, அவதான்யா பொண்ணு" என்றான். நான் தலையாட்டினேன். ஹானிம் உனக்கென்று நெய் ரொட்டி சுட்டாள். பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், சாப்பிடு.

உன்னைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் தெரியாமல் சொன்னது. இது தெரிந்தே சொன்னது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வராதே. ஹானிம் உன் கையைப் பிடித்து நன்றி சொல்வாள். அதைப் பக்கத்தில் நின்று பார்க்க என்னால் முடியாது.

மஹ்ரூஸ்