அலமாரி நீலம்

டில்லி துறை, மெய்ன்
15 செப்டம்பர் 1962, சனிக்கிழமை காலை

மதிப்பிற்குரிய மதினி எல்வைரா அவர்களுக்கு,

வெர்னா எழுதிக்கொண்டது. பாஸ்டனில் நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீங்கள்தான் என்பதால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லியிருப்பேன். பல வீடுகளுக்கும் பொதுவான எங்கள் லைனில் பாதி ஊர் காதை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இப்போதைக்கு அவர்களுக்குத் தீனி போட எனக்கு மனமில்லை.

இன்று சனிக்கிழமை. பயறுச் சட்டி அடுப்புக்குள் இருக்கிறது. நேற்றே ஊறவைத்த பயறு, அடியில் வெங்காயம், மேலே உப்புப் பன்றிக் கொழுப்பு, கருப்பு வெல்லப்பாகு, கடுகுப் பொடி. சாயங்காலம் வரை அது வேக வேண்டும், அவ்வப்போது நான் எழுந்து தண்ணீர் விட வேண்டும். அந்த இடைவெளிகளில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஆகஸ்ட் முழுவதும் பொறுத்துக்கொள்ளவில்லையா?

நீங்கள் வந்து இறங்கிய நாளிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் பழப் பை சுடும் தட்டு ஒன்றை எடுத்துச் சாயம் குழைத்தீர்கள். சாயம் கரைக்கும் டர்பன்டைன் நாற்றம் இன்னும் போகவில்லை, அதில் இனி நான் புளூபெரி பை சுட முடியாது. என் கைத்துண்டுகளில் தூரிகை துடைத்தீர்கள். நான் ஹேடாக் மீனும் உருளைக்கிழங்கும் போட்டுப் பால் ஊற்றிக் காய்ச்சிய சூப்பைக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு வெர்னா, கொஞ்சம் மிளகு கூடப் போட்டா இன்னும் எடுப்பா இருக்கும்" என்றீர்கள். மறுநாளும் சொன்னீர்கள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து உங்கள் தம்பி அந்த சூப்பைக் குடிக்கிறார், ஒரு நாளும் மிளகு கேட்டதில்லை. கிண்ணத்தை மட்டும் மூன்று தடவை நீட்டினீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதெல்லாம் சில்லறைக் கோபம். விருந்தாளி என்றால் இருக்கத்தான் செய்யும். பெரிய கோபத்துக்கு வருகிறேன்.

போகும்போது தேவாலயக் கூடத்துக்கு அன்பளிப்பு என்று ஒரு படத்தை மாட்டிவிட்டுப் போனீர்கள். பக்கத்து மார்ஷ் துறைக்காரர்களின் முனையில், பாறை மேல் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, காற்றிலும் கொசுக்கடியிலும் நீங்கள் வரைந்த அந்தப் படம். சனிக்கிழமைப் பந்தியில் இரண்டு துறைக்காரர்களும் சேர்ந்து உட்காரும் மேசைக்கு நேர் மேலே அது தொங்குகிறது.

மதினி, நான் பொய் சொல்ல மாட்டேன். அது நல்ல படம். மற்றவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நான் அதன் முன்னால் நின்றேன். ஓதம் வற்றும் நேரம் பாறையில் தெரியும் அந்த ஈரக் கறுப்பு, பனிமூட்டம் விலகப் போகிறதா திரும்பி வரப் போகிறதா என்று தெரியாத அந்த வெளிச்சம், கடற்பாசி படுத்திருக்கும் விதம் எல்லாம் இருந்தது. தினமும் ஜன்னலில் பார்க்கிற கடல்தான். ஆனால் நான் இத்தனை வருஷம் அதைச் சரியாகப் பார்க்கவில்லையோ என்று தோன்றியது. கிட்டப் போனால் வெறும் சாயத் திட்டு, நாலடி பின்னால் வந்தால் தண்ணீர். எப்படிச் செய்தீர்கள்? அந்தக் கையைப் பிடித்துப் பாராட்ட வேண்டும். பிறகு அதே கையை முறிக்க வேண்டும்.

ஏனென்றால் படத்தின் இடது ஓரத்தில், பாறைக்குப் பின்னால் இருக்கும் சின்னக் குடைவில், சிங்கி இறால் கூண்டில் கட்டும் ஒரு ஆரஞ்சு மிதவை வரைந்திருக்கிறீர்கள்.

அந்தக் குடைவு மார்ஷ் துறைக்காரர்களின் தண்ணீர். நீங்கள் இந்த ஊரில் பிறந்தவர். எல்லை எங்கே ஓடுகிறது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லையா? அல்லது பாஸ்டன் போனதும் மறந்துவிட்டதா? இந்தக் கரையில் ஆரஞ்சு மிதவை உங்கள் தம்பிக்கு மட்டும்தான். அதற்கு முன்னால் உங்கள் அப்பாவுக்கு. படகிலிருந்து பார்த்தால் அந்தக் குடைவுக்குள் என்ன மிதக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மேலே பாறையில் உட்கார்ந்தால்தான் தெரியும். அங்கே போய் உட்கார உங்களைத் தவிர வேறு யாருக்கு நேரம்?

நீங்கள் போன பிறகு நடந்த பந்தியில் மெர்ட்டன்தான் முதலில் பார்த்தான். மார்ஷ் துறையில் அவன் சொல்வதுதான் சட்டம், தெரியுமே. கையில் தட்டோடு படத்துக்கு முன்னால் நின்று, பந்தி முழுக்கக் கேட்கும்படி, "ஏன் லைமன், உன் மிதவை எங்க வீட்டு வாசல்ல என்னப்பா பண்ணுது? குளிர் காயுதா?" என்றான். சிலர் சிரித்தார்கள். உங்கள் தம்பி சிரிக்கவில்லை. "அந்தப் பக்கமே நான் போகலை" என்றார். அவ்வளவுதான். அவர் எப்போதும் அவ்வளவுதானே பேசுவார்.

நான்தான் எழுந்தேன். "கண்ணைத் தொறந்து பாருங்கய்யா. எங்க மிதவைக்கு நடுவுல பச்சைப் பட்டை. இதுல இருக்கிறது நீலம். அந்தம்மா அழகுக்கு ஏதோ ஒண்ணை இழுத்துவிட்டிருக்கா, அதைப் போய் சாட்சின்னு தூக்கிட்டு வர்றீங்களே!" என்றேன். மெர்ட்டனின் பெண்டாட்டி ஐடா என்னைப் பார்த்து, "கடலை நேர்ல பார்த்து வரையறதுக்குத்தானே அவங்க அங்க போய் வெயில்ல காஞ்சாங்க? மனசுல இருந்து வரையறதா இருந்தா உன் சமையக்கட்டுல உட்கார்ந்தே வரைஞ்சிருக்கலாமே" என்றாள். அன்றைக்கு எல்லோர் சட்டியும் காலியாகிக் கழுவி வந்தது. என் சட்டி மூடி திறக்காமல் அப்படியே வந்தது. என் பயறை யாரும் தொடவில்லை, மதினி. நம் பக்கத்து ஆட்களும்கூட.

அவர்கள் போய்க் குடைவில் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனாலும் மறுநாள் உங்கள் தம்பியின் மிதவைகளின் கைப்பிடிக் குச்சிகளில் இரட்டை முடிச்சு போட்டிருந்தது. அது எச்சரிக்கை. அதற்கடுத்த வாரம் முடிச்சு இல்லை, கூண்டைப் பிடித்திருக்கும் கயிறே இல்லை. நம் தண்ணீரிலேயே, நம் எல்லைக்குள்ளேயே வரிசையாக அறுத்துவிட்டார்கள். குளிர்காலம் முழுக்க அவர் உட்கார்ந்து கட்டிய கூண்டுகள் அடியில் கிடக்கின்றன, உள்ளே மாட்டிய சிங்கி இறால்களோடு.

அடுத்த சனிக்கிழமை இரண்டு துறைக்காரர்களும் கூடிப் பேசுகிறார்கள். எல்லை தாண்டினார் என்று முடிவானால் மிச்சக் கூண்டுகளும் போகும். நம் ஆட்களே அவருக்கு இடம் கொடுக்க மாட்டார்கள். பிறகு படகை விற்றுவிட்டு மத்தி மீன் தொழிற்சாலையில் போய் நிற்க வேண்டியதுதான். மெர்ட்டன் ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறான். "வரைஞ்சவங்களே, அது நான் சும்மா போட்டதுன்னு எழுதிக் குடுத்தா நான் நம்புறேன். எல்வைரா பொய் சொல்ல மாட்டா, சின்ன வயசுல இருந்து தெரியும்" என்று.

ஆகவே உண்மையை எழுதுங்கள். பச்சையையும் நீலத்தையும் குழப்பிக்கொண்டு, படத்தின் ஓரம் வெறிச்சென்று இருக்கிறதே என்று ஒரு ஆரஞ்சுப் புள்ளி வைத்ததாக எழுதுங்கள். உங்களுக்கு அலங்காரம், எங்களுக்குப் பிழைப்பு. கடைசி நாள் இதே மேசையில் உட்கார்ந்து படத்தைத் திருத்திக்கொண்டிருந்தீர்களே, அப்போது என் அலமாரிக் கதவைத் தொட்டுப் பார்த்து, "வெர்னா, உன் அலமாரி நிறத்தை இன்னைக்குக் கடல்ல ஒரு இடத்துல பார்த்தேன்" என்றீர்கள். ஓவியக்காரர்கள் பேசுகிற பேச்சு என்று விட்டுவிட்டேன். உங்கள் தம்பி தின்றுகொண்டிருந்த பழப் பையைப் பாதியில் வைத்துவிட்டு எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்று கரைக்குப் போய்விட்டார். அவருக்கும் உங்கள் பேச்சு அலுத்துவிட்டது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சட்டியில் தண்ணீர் வற்றியிருக்கும். பார்த்துவிட்டு வருகிறேன்.

*

மதினி, மத்தியானம் ஆகிவிட்டது.

வெல்லப்பாகு எடுக்க அலமாரியைத் திறந்தேன். கதவு ஓரத்தில் சாயம் பெயர்ந்திருந்தது. மிச்சம் வைத்திருந்த டின்னைக் கொண்டுவந்து தொட்டுவிடலாம் என்று கொட்டகைக்குப் போனேன். அந்த நீலம் கடையில் கிடைப்பதில்லை. போன மார்ச்சில் வெள்ளையோடு படகுத் தளத்துக்குப் பூசும் சாம்பல் நிறச் சாயத்தையும், துணிக்குப் போடும் நீலத்தையும் கலந்து நானே கிளறியது. இந்தக் கரையில் வேறெங்கும் அது இல்லை.

டின் காலியாக இருந்தது. விளிம்பில் ஆரஞ்சுத் துளிகள். அவருடைய பட்டைத் தூரிகை பக்கத்தில் காய்ந்து கிடந்தது. பச்சை டின்னும் காலி. வசந்தத்தில் பச்சை தீர்ந்துபோயிருக்கிறது, கடைசிச் சில மிதவைகளுக்கு என் நீலத்தைப் போட்டிருக்கிறார். அந்த நீலப்பட்டை மிதவைகளில் ஒன்றைக்கூட நான் துறையில் பார்த்ததில்லை. எங்கே இருந்தன என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எஞ்சினைப் பார்க்க என்று எழுந்து போனவர் எதைத் தூக்கி எடுக்கப் போனார் என்றும் தெரிகிறது.

ஊர் முன்னால் நான் எழுந்து நின்று, நீலம்தான் சாட்சி என்று கத்தினேன். நீலம்தான் சாட்சி, மதினி.

உங்களைத் திட்ட நான் கூட்டி வைத்ததெல்லாம் போய்விட்டது, போக்கிடமில்லாத கோபம் மட்டும் மிச்சம். இந்தக் கோடையில் நம் தண்ணீரில் ஒன்றும் சிக்கவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜூலையிலிருந்து இரண்டாம் தடவை சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் சமையல் அலுத்துவிட்டதோ என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நீங்கள் மூன்று கிண்ணம் நீட்டியபோது அவர் ஒரு கிண்ணத்தோடு எழுந்ததைப் பார்த்தேன், அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை.

என்னிடமும் பொய் சொல்லியிருக்கிறார். அதை அவரிடம் நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொண்டால் அடுத்த சனிக்கிழமை மெர்ட்டன் முகத்தைப் பார்த்து அவரால் நிற்க முடியாது.

முதல் பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும். பை தட்டு பாழானது பாழானதுதான். உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கண்ணில் பட்டதையெல்லாம் அப்படியே வைத்துவிடும் கை உங்களுக்கு, அதனால் வீட்டில் யார் அடிபடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காத கால். அந்தச் சின்ன நீலப் பட்டையை நீங்கள் கொஞ்சம் அசட்டையாக வரைந்திருக்கக் கூடாதா?

இப்போது நான் கேட்பது வேறு. மெர்ட்டனுக்கு எழுதுங்கள். அந்த மிதவை அங்கே இல்லை என்று எழுதுங்கள். உருவத்தைக் கொட்டகைச் சுவரில் தொங்கிய மிதவையிலிருந்தும், நீலத்தை என் அலமாரியிலிருந்தும் எடுத்ததாக எழுதுங்கள். மேசையில் உட்கார்ந்து தீட்டினேன், கடலில் பார்க்கவில்லை என்று உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். அவன் இந்த வீட்டுக்கு வந்து அலமாரியைப் பார்ப்பான். பார்க்கட்டும். பெயர்ந்த இடத்தைக்கூட நான் தொடப் போவதில்லை, அந்த நிறம் அப்படியே இருக்கும்.

உங்களிடம் என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது. நீங்கள் வரைந்ததிலேயே நல்ல படம், அதைப் பொய் என்று நீங்களே சொல்ல வேண்டும். வெயிலில் காய்ந்து வரைந்ததைச் சமையற்கட்டில் இட்டுக்கட்டியது என்று சொல்ல வேண்டும். ஐடா அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். என் சூப்பை நான் கடையில் வாங்கி ஊற்றினேன் என்று என்னைச் சொல்லச் சொன்னால் நான் சொல்வேனா என்று கேட்டுப் பார்த்தேன். இன்றைக்குச் சொல்வேன்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் தம்பிக்குத் தனியாக எதுவும் எழுத வேண்டாம்.

பயறு வெந்துவிட்டது. வாசனை நன்றாக இருக்கிறது. சட்டியை இன்றைக்கும் கூடத்துக்குக் கொண்டுபோவேன், உங்கள் படத்துக்கு நேர் கீழே வைப்பேன். யாரும் தொடாவிட்டால் நானும் அவரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவோம்.

உங்கள் கண்ணும் கையும் நெடுநாள் நன்றாக இருக்கட்டும். அடுத்த ஆகஸ்டில் வாருங்கள். நாங்கள் இந்த வீட்டிலேயே இருந்தால், சூப்பில் மிளகு கூடவே போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
வெர்னா