உங்கள் பேரில் ஒரு துவக்கு இந்த ஊரில் திரிகிறது

என் அன்பான இஞ்சாருங்கோ,

உயிரோடு இருந்தபோது உங்களை ஒருநாளும் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போன பிறகு மட்டும் எதற்கு? இந்தக் கடிதத்திலும் நீங்கள் இஞ்சாருங்கோதான். வாசிக்கிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

உங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. உங்களைத் தகனத்துக்குக் கொண்டுபோயிருந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்குள் கள்ளர் வந்தார்கள். எதற்குப் பயந்து பயந்து இருந்தீர்களோ, அது நடந்தேவிட்டது. ஆனால் நீங்கள் நினைத்த மாதிரி அவர்கள் என் தாலிக்கொடியை எடுக்கவில்லை. அன்று அது என் கழுத்தில் கிடந்தது, கடைசியாக ஒருமுறை போட்டுக் கழற்றுவதற்காக. அவர்கள் எடுத்துக்கொண்டு போனது உங்கள் துவக்கை, அந்தக் கைத்துப்பாக்கியை.

ஊரில் என்றால் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. யாராவது வீட்டில் நின்று கூட்டிக் கழுவுவார்கள். இங்கே அப்படியா? எல்லோரும் காரில் ஏறிவிட்டோம். திரும்பி வந்து காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனால், பின்கதவு பிளந்து கிடக்கிறது. படுக்கையறை அலுமாரிக்குள் இருந்த இரும்புப் பெட்டியைக் காணவில்லை. நகைப்பெட்டி என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த வீட்டு ஜொசெலின் அவர்களைக் கண்டிருக்கிறா. கண்டும் ஒன்றும் செய்யவில்லை, பாவம். நீங்கள் போன நாளிலிருந்து எங்கள் சனம் சட்டியும் கிடாரமுமாக வீட்டுக்குள் போவதும் வருவதுமாகத்தானே இருந்தது. இரண்டு பேர் பாரமான எதையோ துணியால் மூடித் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து, சமையல் சாமானைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டா. வேலியடிக்கு வந்து, அனுதாபமும் சொல்லியிருக்கிறா. அவர்களில் ஒருவன் தலையைக் குனிந்து "மெர்சி, மதாம்" என்றானாம். உங்கள் செத்தவீட்டுக்கு வந்த கள்ளனும் மரியாதை தெரிந்தவன்தான்.

இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். செத்தவீட்டில் நின்று சிரித்தவள் என்று அதற்கும் ஒரு கதை நடந்தது.

பொலிசில் இருந்து ஒரு பெண் வந்தாள். எங்கள் மகன் கபிலன்தான் பிரெஞ்சில் கதைத்தான். "வீட்டில் அந்த நேரம் ஆள் இருக்காது என்று யார் யாருக்குத் தெரியும்?" என்று அவள் கேட்டாள். உலகத்தில் இருக்கிற எல்லாத் தமிழருக்கும் தெரியும் என்றேன். அவள் பகிடி என்று நினைத்தாள். கபிலன் கைபேசியில் மரண அறிவித்தலை எடுத்துக் காட்டினான். லண்டனில் இருக்கிற உங்கள் தம்பி சிவம் போட்டது. உங்கள் படம், பிறந்த இடம், மருமக்கள் பெறாமக்கள் எல்லோருடைய பெயர்கள், தகனம் எத்தனை மணிக்கு எங்கே, கடைசியில் எங்கள் வீட்டு விலாசம், தபால் குறியீட்டோடு.

"வீட்டு விலாசத்தை ஏன் போட்டீர்கள்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"விலாசம் போடாட்டி ஆக்கள் எப்பிடி வீட்டை வாறது?" என்றேன் நான்.

கபிலன் அதை மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்கு உங்களோடு கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தெருவில் கல்யாணத்துக்கு நகை எடுத்து வைத்திருந்த வீட்டுக்குள் பட்டப்பகலில் கள்ளர் புகுந்து, அந்த மனிதரையும் மனைவியையும் கட்டிப்போட்டுவிட்டுப் போனார்களே, அன்றைக்குப் பிடித்தது உங்களுக்கு இந்தப் பயம். நீங்கள் வேலை செய்த புவாண்ட்-கிளேர் வேர்ஹவுசில் நின்றுகொண்டு நேரத்துக்கு நேரம் எனக்குப் போன் எடுப்பீர்கள். கதவு பூட்டியிருக்கோ, மணி அடிச்சால் திறக்காதையும், ஆர் எண்டு கேட்டுப்போட்டுத் திறவும். பிறகு ஒருநாள் வந்து, துவக்கு வாங்கப் போகிறேன் என்றீர்கள்.

"வீட்டுக் காவலுக்கு எண்டு சொன்னால் லைசென்ஸ் தரமாட்டினமாம். விளையாட்டுக்குச் சுடுறவைக்குத்தான் குடுப்பினமாம். நான் ஒரு கிளப்பில சேரப்போறன்."

"விளையாட்டோ? நீங்களோ? நாலு படி ஏறினால் இருந்து மூச்சு வாங்கிற மனிசன்," என்றேன்.

நீங்கள் சேர்ந்தீர்கள். வகுப்புக்குப் போனீர்கள், சோதனை எழுதினீர்கள், மாதக்கணக்காகக் காத்திருந்தீர்கள். எல்லாவற்றையும் 'பேந்து பாப்பம்' என்று தள்ளிப்போடுகிற மனிதர், நெஞ்சு நோகிறது, டொக்டரிடம் போங்கோ என்றாலும் 'பேந்து' என்கிற மனிதர், இதற்கு மட்டும் ஓடி ஓடித் திரிந்தீர்கள். முதல்நாள் சுட்டுப் பழகிவிட்டு வந்து குசினிக் கதிரையில் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? ஊற்றி வைத்த தேத்தண்ணி அப்படியே ஆறிப்போனது. சாப்பிடவில்லை. ஊரில் சண்டை நடந்தபோது அந்த வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தவர்கள்தானே நாங்கள் இரண்டு பேரும். ஆனாலும் அடுத்த கிழமை திரும்பவும் போனீர்கள். எனக்காகத்தான் போனீர்கள் என்று தெரியும். அதை நினைத்தால் கோபப்படவும் முடியாமல் இருக்கிறது.

அதற்குப் பிறகு அரசாங்கம் கைத்துவக்கு விற்கிறதையும் வாங்குகிறதையும் நிறுத்தியது. "பாத்தீரே, நான் நேரத்துக்கு வாங்கிப்போட்டன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றீர்கள். சட்டப்படி அதை வெறுமையாக, விசையில் ஒரு பூட்டுப் போட்டு, இரும்புப் பெட்டிக்குள் வைத்து அதையும் பூட்ட வேண்டும். குண்டுகளை வேறொரு பெட்டியில் அலுமாரிக்கு மேலே வைத்தீர்கள். நான் கேட்டேனே: "கள்ளன் வந்தால் நீங்கள் முதல்ல கண்ணாடியைத் தேடிப் போட்டு, நம்பரை அமத்தி, உள்பூட்டைத் திறந்து, பிறகு கதிரை வைச்சு ஏறிக் குண்டை இறக்கவேணும். அதுமட்டும் நான் அவனுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கட்டோ?" நீங்கள் கோபிக்கவில்லை. "சீனி கனக்கப் போட்டுக் குடும்" என்றீர்கள். இப்போது இப்படி வாய் காட்ட எனக்கு ஆள் இல்லை.

பெட்டியை நிலத்தோடு சேர்த்து ஆணியால் முடுக்கிவிடச் சொல்லிக் கடைக்காரன் படித்துப் படித்துச் சொன்னான். அதற்கும் பேந்து.

குண்டுகளைக் கள்ளர் காணவில்லை. பொலிஸ்காரர் அவற்றை எடுத்துக்கொண்டு போனார்கள். "குண்டு இல்லாமல் துவக்கு என்ன செய்யும், தங்கச்சி?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். குண்டு எடுப்பது கஷ்டமில்லை என்றாள். அவள் உண்மையைச் சொன்னதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது.

உங்கள் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியுமட்டும் வீடு நிறையச் சனம். முடிந்த கையோடு கபிலன் ரொறன்ரோவில் இருக்கிற தன் வீட்டுக்குப் போனான், மற்றவர்களும் தங்கள் பாட்டைப் பார்க்கப் போனார்கள். அது இயல்புதான். ஆனால் பிறகு ஒரு கதை பரவியது. கோயிலில் ஒரு மனிசி பக்கத்தில் வந்து இருந்து, மெதுவாக, "அவர் துவக்கு வைச்சிருந்தவராமே, முந்தி இயக்கம் எதிலயும் இருந்தவரோ?" என்று கேட்டா. "உருளைக்கிழங்கு உரிக்கக் கத்தியைக் குடுத்தால் கையை வெட்டிக்கொண்டு வாற மனிசன்" என்றேன். அவ நம்பவில்லை. அவ மட்டும் இல்லை, வேறும் சிலர் நம்பவில்லை. இப்போது கோயிலில் எனக்குப் பக்கத்துக் கதிரை பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது. நான் கைப்பையை அதில் வைத்துவிடுவேன், பார்ப்பவர்களுக்கு ஆள் வரப்போகிறது என்று தெரியட்டுமே என்று.

வீட்டிலும் அப்படித்தான். போன் அடித்தால் ஒன்றில் கபிலன், இல்லாவிட்டால் எதையாவது விற்கிறவன். விற்கிறவனோடும் சில நாட்களில் கொஞ்சம் கதைக்கிறேன்.

காலையில் எழும்பினால் முதல் வேலை செய்தி கேட்பது. பிரெஞ்சில் எனக்கு விளங்குவது கொஞ்சச் சொற்கள்தான். துவக்குச் சூட்டுக்கு என்ன சொல்வார்கள் என்பதும் இப்போது அதில் ஒன்று. அந்தச் சொல் காதில் விழுந்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டுவேன். எங்கடையோ? இந்த ஊரில் எத்தனை துவக்கு இருக்கும், எங்கள் துவக்காகவா இருக்கப்போகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். பிறகு அந்தப் பொலிஸ் பெண்ணுக்குப் போன் எடுத்து, தெரிந்த சொற்களை வைத்துக் கேட்பேன். "மதாம், துவக்கு அகப்பட்டால் நாங்களே உங்களுக்கு அறிவிப்போம்" என்பாள். ஒருதரமும் எரிந்து விழுந்ததில்லை, நல்ல பிள்ளை.

கபிலன் வீட்டை விற்கச் சொல்கிறான். "இஞ்ச வாங்கோம்மா. களவு போனது எங்கட பிழையில்லை. பொலிசுக்குச் சொல்லியாச்சு. அவ்வளவுதான்."

"துவக்கு அப்பான்ர பேரிலயெல்லோ கிடக்கு," என்றேன்.

"அப்பா இல்லையேம்மா."

"அதுதான் சொல்லுறன். வந்து கேட்டால் பதில் சொல்ல ஒராள் இந்த விலாசத்தில இருக்கவேண்டாமோ?"

அவன் பெருமூச்சு விட்டான். உங்கள் பெருமூச்சு மாதிரியே இருந்தது.

போன மாதம் எங்கள் செயின்ட்-மிஷேலிலேயே நடந்தது. நீங்கள் வேலைக்கு பஸ் ஏறின பக்கத்தில், சில தெரு தள்ளி. பின்னேரம், வெளிச்சம் இருக்கத்தக்கதாகவே, பஸ்சுக்கு நின்ற ஒரு பெடியனைச் சுட்டுவிட்டார்கள். கல்லூரியில் படிக்கிற பிள்ளை. வேறு யாரையோ தேடி வந்தவர்கள் என்கிறார்கள். நான் போன் எடுத்தேன். எந்தத் துவக்கு என்று விசாரணை முடியாமல் சொல்ல முடியாது என்றாள் அந்தப் பெண். இல்லை என்று அவள் சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன்.

ஜொசெலின் வந்து சொன்னா, அந்தப் பெடியனின் தாய் தங்கள் தேவாலயத்துக்கு வருகிறவ, ஹெயிட்டியிலிருந்து வந்த குடும்பம் என்று. நான் யோசிக்கவில்லை, எழும்பிச் சமைக்கத் தொடங்கினேன். செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் அல்லவா. எங்கள் புட்டை அவர்கள் சாப்பிடுவார்களோ தெரியாது, அதனால் சோறும், உறைப்புக் குறைத்த கோழிக்கறியும். ஜொசெலினோடு போனேன். வெளிப்படி செங்குத்தாக இருந்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு பிடித்துப் பிடித்து ஏறினேன்.

வீடு நிறையச் சனம். யாரும் என்னை யார் என்று கேட்கவில்லை. அந்தத் தாய் சோபாவில் கொஞ்சம் தள்ளி எனக்கு இடம் விட்டா. என் கையைப் பிடித்தா. இத்தனை மாதத்தில் என் கையை யாரும் பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்படியே இருந்திருக்கலாம். ஆறுதல் சொல்லிவிட்டு எழும்பி வந்திருக்கலாம்.

"என் மகனை உங்களுக்குத் தெரியுமா?" என்று அவ கேட்டா.

அந்தப் பிள்ளையின் படம் எதிரே இருந்தது. எனக்குப் பொய் வரவில்லை. எனக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சிலும், மிச்சத்தை ஜொசெலின் எடுத்துச் சொல்லவுமாகச் சொன்னேன். எங்கள் வீட்டில் ஒரு துவக்கு இருந்தது. என் மனிசன் கள்ளருக்குப் பயந்து வாங்கினவர். அவரை எரிக்கப் போன நேரம் அது களவு போய்விட்டது. உங்கள் பிள்ளையைச் சுட்டது அதுவோ, இல்லையோ, எனக்குத் தெரியாது.

அவ கையை எடுத்துவிட்டா. எடுக்கத்தானே வேண்டும்? ஒரு ஆம்பிளை எழும்பி வந்து ஜொசெலினிடம் ஏதோ கடுமையாகச் சொன்னார். நான் சட்டியை விட்டுவிட்டு எழும்பினேன்.

படியடிக்கு அந்தத் தாய் பின்னால் வந்தா. அழவில்லை. என் முகத்தை நேரே பார்த்து, எனக்கு விளங்க வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னா: "தெரிந்த நாளில் நீயே வந்து சொல். அதுவாக இருந்தாலும் வந்து சொல். இல்லாவிட்டாலும் வந்து சொல்."

"ஓம், வருவன்" என்று தமிழில்தான் என் வாயில் வந்தது. அவவுக்கு அது விளங்கியது.

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உமக்கேன் இந்த வேலை, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதோ என்று ஏசியிருப்பீர்களா? இல்லாவிட்டால் நீங்களே அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறியிருப்பீர்களா? இத்தனை வருடம் உங்களோடு வாழ்ந்தும் எனக்கு இதற்கு விடை தெரியவில்லை. அதுதான் தனியாக இருக்கிறேன் என்று எனக்கு உறைக்கிற இடம்.

கபிலனுக்குச் சொல்லிவிட்டேன், வீட்டை விற்கிற கதையை இனி எடுக்க வேண்டாம் என்று. "பயமில்லையோம்மா, தனிய?" என்று கேட்டான். பயம்தான். ஒவ்வொரு சத்தத்துக்கும் பயம். ஆனால் இந்தக் கதவைத் தட்டி ஒருநாள் பதில் வரும். வரும்போது நான் இங்கே இருக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், கோபிக்காதையுங்கோ. என்ன நடந்தாலும் முதலில் உங்கள் படத்துக்கு முன்னால் வந்து சொல்கிறவள்தானே நான். இதை மட்டும் அப்படிச் செய்யமாட்டேன். பதில் எதுவாக இருந்தாலும், செருப்பைக் கொழுவிக்கொண்டு முதலில் அந்தப் படியேறி அந்தத் தாயிடம் சொல்லுவேன். அவ என்னை என்ன செய்தாலும் நின்று வாங்கிக்கொண்டு, பிறகுதான் உங்களிடம் வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
கபிலனின் அம்மா