அண்ணி கை தூக்கிய சனிக்கிழமை

மார்ச் 4, புதன்

இல்லை, கல்நெஞ்சு என்று இதைச் சொல்ல முடியாது. கல்நெஞ்சுக்காரன் பிறர் வலியைப் பார்ப்பதில்லை. நான் கேட்பது அந்த வலியை என் தலையில் கட்ட உனக்கு என்ன உரிமை என்பதை. மதியம் வானொலிக்காரர் கேட்டபோது இப்படிச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது வாயில் வரவில்லை. படி இறங்கும்போதுதான் வந்தது.

மற்றதைச் சரியாகவே சொன்னேன். வயதான பெற்றோரைப் பிள்ளைகள் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும், தவறினால் சிறை என்று சட்டம் கொண்டுவரப் போகிறார்கள். பிறப்பு ஒப்பந்தம் ஆகாது என்றேன். அன்பு இருக்கும் வீட்டில் இந்தச் சட்டத்துக்கு வேலையில்லை. இல்லாத வீட்டில் அது அன்பைக் கொண்டுவராது, ஜெயிலரைத்தான் கொண்டுவரும். அந்த வரி எனக்கே பிடித்திருந்தது.

24ஆம் தேதி அந்தச் சட்டத்துக்கான விசாரணைக் குழு முன்னால் எங்கள் விவாத வட்டத்தின் சார்பில் நான் பேச வேண்டும். ஏப்ரல் 6 ஆய்வு நிறுவனத்தில் வேலைக்குச் சேர வேண்டும். நாட்டின் மறுகோடி. இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்தது. நடுவில் எதுவும் வரக்கூடாது.

மார்ச் 8, ஞாயிறு

வீட்டுக்குப் போனேன். வாரம் ஒரு தடவை, இரண்டு மணி நேரம், கையில் பழம். மகள் என்றாலும் வருகையாளர் நான்.

"ரேடியோல கேட்டேன்," என்றார் அப்பா. "நல்லாத்தான் பேசினே. நான் எதிர்க்கட்சின்னு அதுவரைக்கும் தெரியாமப் போச்சு."

வாதத்தில் இடது பக்கம் விழுந்து ஆறு வருடம். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

அண்ணி அவரைத் திருப்பிப் படுக்கவைப்பதைப் பார்த்தேன். ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, கையை இடுப்புக்கு அடியில் கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு" என்கிறாள். மூன்றுக்குக் காத்திருப்பதில்லை. மூன்று என்றால் அப்பா உடம்பை விறைத்துக்கொள்வாராம். இரண்டிலேயே ஆள் திரும்பிவிடுகிறார்.

அண்ணன் கப்பலில். வருடத்தில் எட்டு மாதம் கடல். குழந்தையில்லை. "அதனால அவளுக்கு நேரம் இருக்கு." இதை யார் முதலில் சொன்னது? எங்கள் வீட்டுச் சட்டம் இது. யாரும் ஓட்டுப் போட்டதில்லை.

கிளம்பும்போது, நான் மேசையில் வைத்திருந்த பிரதியை அண்ணி கையில் வைத்திருந்தாள். குழுவுக்காக எழுதிய கட்டுரை, ஒன்பது பக்கம்.

"இதை நான் வச்சுக்கவா?"

"உங்களுக்கு எதுக்கு அண்ணி? போரடிக்கும்."

"பரவால்ல."

மார்ச் 14, சனி

வட்டம். நூலகத்துக்குப் பின்னாலிருக்கும் அறை, பதினைந்து நாற்காலி, ஓடாத மின்விசிறி. எங்களுக்கு ஒரே விதி. கை தூக்குகிறவர் இந்த விவகாரத்தில் தன் சொந்த நலன் என்ன என்று முதலில் சொல்ல வேண்டும். ‘நாட்டுக்காக’, ‘ஏழைகளுக்காக’ என்று தொடங்கினால் உட்கார வைத்துவிடுவோம். பேருந்து ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசியபோது ஒரு பெண், "எனக்கு பஸ் வேணும், அவங்களுக்கு ஓய்வு வேணும், ரெண்டும் சுயநலம், பேசித் தீர்த்துக்கலாம்" என்றாள். அன்றைக்கு அவளுக்குத்தான் கைதட்டல். கட்டாயத் தடுப்பூசி விவாதத்தில் எனக்கு.

இன்றைக்குக் கடைசி வரிசையில் அண்ணி. அப்பாவின் மருந்துச் சீட்டு விஷயமாக வந்திருப்பாள் என்று நினைத்தேன். கை தூக்கினாள்.

"சொந்த நலன் சொல்லணுமாமே. கல்யாணத்துக்கு முன்னாடி மூணு வருஷம் லேப்ல இருந்தேன். ஊர்ல இருக்கறவங்க ரத்தம், சிறுநீர் எல்லாம் பாத்தேன். இப்ப ஆறு வருஷமா ஒரே ஆளோடத மட்டும் பாக்கறேன்."

சிரிப்பு.

"வேற ஊர் லேப்ல கூப்பிட்டிருக்காங்க. எனக்குப் போகணும்னு இருக்கு. அதான் நலன். சட்டத்தைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல. அதுல மருமகள்னு ஒரு வார்த்தைகூட இல்ல. தேடிப் பாத்தேன்."

எல்லோரும் தட்டினார்கள். வட்டத்தை நடத்துகிறவன், எந்த வாக்கியத்தையும் அந்தச் சொல்லில்தான் தொடங்குவான் என்பதால் நாங்கள் ‘ஆகவே’ என்று கூப்பிடுகிறவன், எழுந்தே நின்றுவிட்டான். "ஆகவே, இந்த வருஷத்துல இதான் சிறந்த பேச்சு."

நானும் தட்டினேன். நன்றாகவே தட்டினேன். ஐந்தாறு தட்டலுக்குப் பிறகுதான் உறைத்தது, யார் போகிறாள், எந்தக் கட்டிலை விட்டுப் போகிறாள் என்று.

கை நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவன் என்னைப் பார்த்தான். மறுபடி தட்டினேன்.

மார்ச் 15, ஞாயிறு

சமையலறையில் நின்றே பேசினோம்.

"அண்ணி, கொஞ்சம் யோசிச்சு—"

"நீ எழுதினதுதானே. நாலு தடவ படிச்சேன். ஓட்டை எதுவும் தெரியல. உனக்குத் தெரிஞ்சா சொல்லு."

தேடினேன். என் கட்டுரையில் நானே ஓட்டை தேடினேன்.

"அப்பா உங்களைத்தானே நம்பியிருக்கார்."

"அதெல்லாம் ஒரு வாதமா? நீயே அடிச்சுப் போட்டிருக்கே, மூணாம் பக்கத்துல."

மூன்றாம் பக்கம்தான். ‘ஒருவரின் தேவை இன்னொருவரின் விலங்காகாது.’

குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் திருப்பிக் குத்தியிருப்பேன். என்னைப் படித்து என்னை நம்பிய ஒரே வாசகி, அவளை என்ன செய்வது?

எழுதும்போது இவளை நினைத்தேனா? ஒன்பது பக்கத்தில் ஒரு இடத்திலும் இல்லை. ‘தனிமனிதர்’ என்று நாற்பது தடவையாவது எழுதியிருப்பேன். அதில் ஒன்றுகூட அண்ணி இல்லை.

மார்ச் 17

அண்ணன் கப்பலிலிருந்து. "அப்பாவுக்குப் பொண்ணு கூட இருந்தா ஆறுதல்." அப்போ உனக்கு, என்றேன். இணைப்பு போய்விட்டது. கடல் எப்போதும் அவன் பக்கம்.

மார்ச் 20

அண்ணி போனாள். ஒரே ஒரு பெட்டி. அப்பாவைத் திருப்பும் ‘ஒண்ணு, ரெண்டு’ எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு மூன்று வரை எண்ணினால்தான் வருகிறது. அப்பா விறைக்கிறார். இருவரும் மூச்சு வாங்குகிறோம்.

மார்ச் 22

முதுகு வலி. படுக்கை விரிப்பு மூன்று முறை. ஆறு வருடம் — பெருக்கிப் பார்க்கத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். மத்தியானம் அந்தச் சட்ட வரைவை எடுத்துப் பார்த்தேன். மருமகளை எதிலாவது சேர்க்க வழியிருக்கிறதா என்று. நான்தான் பார்த்தேன். விலங்கு பற்றி எழுதிய நான்.

மார்ச் 24, செவ்வாய்

பக்கத்து வீட்டு அக்காவை உட்காரவைத்துவிட்டுப் போனேன். தடங்கலில்லாமல் பேசினேன். முடிந்ததும் குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க அப்பா இருக்காரா?"

"இருக்கார். படுக்கையில."

"யார் பாத்துக்கறா?"

"நாலு நாளா நான். அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் அண்ணி."

"விருப்பப்பட்டா செஞ்சாங்க?"

"கேட்டதில்லை."

குறிப்பெடுப்பவர் நிமிர்ந்து பார்த்தார். சட்டம் தவறு என்ற கருத்தில் மாற்றமில்லை என்றேன். ஆனால் சட்டம் இல்லாமலே எங்கள் வீட்டில் ஒருத்தியைக் கட்டிப்போட்டிருந்தோம். அந்த நிழலில் உட்கார்ந்துதான் இதை எழுதினேன் என்றும் சொன்னேன்.

வெளியே வாசற்படியில் ஆகவே. "ஆகவே, மொத்தத்தையும் சொதப்பினே. அண்ணியை எதுக்கு இழுத்தே?"

"உண்மைதானே."

"உண்மைதான். நமக்கு இன்னிக்கு அது தேவையில்ல."

தன்னலமே ஆனாலும் பகுத்தறிவோடு, உண்மையோடு என்று முதல் கூட்டத்தில் சொன்னவன் இவன்தான். நாங்களும் ஒரு கட்சிதான் போலிருக்கிறது. கொடி மட்டும் இல்லை.

மார்ச் 29, ஞாயிறு

ஆய்வு நிறுவனத்துக்கு எழுதியிருந்தேன், தள்ளிப்போட முடியுமா என்று. முடியாது, இந்த முறை இல்லையென்றால் இல்லை. இரண்டு வரிப் பதில்.

அப்பாவிடம் சொல்லவில்லை. முகத்தில் இருந்திருக்கும்.

"ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு என்னைப் புரட்டறே," என்றார். "எனக்கு உடம்புதான் மரத்துப் போச்சு, கண்ணு மரக்கல. ஏதாவது முதியோர் விடுதியில கொண்டுபோய் விடு."

"அப்பா, அப்படியெல்லாம்—"

"அங்க இருக்கறவன் சம்பளத்துக்குப் புரட்டுவான். என் மேல கோபம் இருக்காது. அதானே உன் கட்சி?"

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். முகத்தின் பாதிதான் சிரிக்கும். அந்தப் பாதி சுவர்ப்பக்கம் இருந்தது.

நானே இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு வேண்டிய நேரம் இருந்தது. அவரும் காத்திருந்தார் என்றே நினைக்கிறேன். எனக்கு நிம்மதி வந்தது. பின்னால் வேறு மாதிரிச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க இங்கே எழுதிவைக்கிறேன். நிம்மதிதான்.

ஏப்ரல் 4, சனி

விடுதியில் சேர்த்தாயிற்று. ஜன்னலோரக் கட்டில். பணியாளர் பெரிய கைகள் உள்ளவர். அவர் எண்ணுவதே இல்லை, பேசிக்கொண்டே திருப்பிவிடுகிறார். அப்பா அவரிடம் ஏதோ கேலி சொன்னார். என்னிடம், "ரயிலுக்கு நேரமாகல?" என்றார்.

அலுவலகத்தில் படிவம். அவசரமென்றால் யாரை அழைப்பது, அழைத்தால் எவ்வளவு நேரத்தில் வந்து சேர்வார். யோசிக்காமல் நிரப்பிக்கொண்டு போனேன். கடைசி வரிக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். அண்ணியின் எண். உடனே வருவார் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தேன். என் கையெழுத்து, அழகாக.

அங்கிருந்த பெண்ணிடம் வேறு படிவம் கேட்டேன். என் எண்ணை எழுதினேன். வந்து சேரும் நேரம் என்ற இடத்தில் பதினான்கு மணி நேரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.