நாற்பது கஜத்தில் ஆறடி

ஏ.எஸ்.ராவ் நகர்,
ஹைதராபாத்.
ஜூலை 12, சனிக்கிழமை.

அன்புள்ள ஷர்மிளாவுக்கு,

வேதவல்லி எழுதுவது. நான் சுகம் என்று எழுதினால் நீ சிரிப்பாய், எழுதாவிட்டால் உன் அம்மா கோபித்துக்கொள்வார்கள். அதனால் சுகம் என்றே வைத்துக்கொள். உனக்கு எழுத்தெல்லாம் இன்னும் இரண்டிரண்டாகத்தான் தெரிகிறது என்று உன் அப்பா சொன்னார். அப்படியானால் இதை அம்மாதான் உனக்குப் படித்துக் காட்ட வேண்டும். அது தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆரோக்கியமேரி அம்மாவுக்கு என் வணக்கம். போனில் என் பெயரைப் பார்த்ததும் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இந்தத் தாளையும் கிழித்துவிடாமல் கடைசிவரை படியுங்கள், அது போதும்.

உன் அப்பாவை நேற்று மெட்டுகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் போய்ப் பார்த்தேன். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப இளைத்துவிட்டார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நிற்கிறது. உங்களைப் பார்க்க ஜோலார்பேட்டைக்கு ரயில் ஏறும்போது இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். என்ன எழுதப் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

உன் இடது கையைப் பற்றி விசாரித்தேன். டம்ளரை எடுக்க முடிகிறது, பிடித்து வைத்திருக்கத்தான் முடியவில்லை என்றார். போன மாதம் பால் டம்ளர் கீழே விழுந்தபோது அம்மா ஆத்திரத்தில், “நேரா போன்னா நேரா போகத் தெரியாது, அதான் இப்படிக் கெடக்கறே” என்று சொன்னார்களாம். நீ ஆமாம் என்று தலையை ஆட்டினாயாம். உன் அப்பா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன், இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று.

ஆனாலும் நேரே விஷயத்துக்கு வரப் பயமாக இருக்கிறது. முதலில் கொஞ்சம் மைதானத்துச் செய்தி சொல்கிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. பாதி மைதானம் சேறு. உன் இடத்துக்குக் காஞ்சனா என்று ஒருத்தி வந்திருக்கிறாள். வருவதும் காஞ்சன்பாக்கிலிருந்து. பேரையும் ஊரையும் சேர்த்துக் கிண்டல் செய்து நாங்களே ஓய்ந்துவிட்டோம், அவள் சிரிக்கக்கூட இல்லை. வேகம் உன் வேகத்தில் பாதி. ஒரே ஒரு குணம், சுண்ணாம்புக் கோடு போட்டால் அதன் மேலேயே ஓடுவாள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரு விரல் நகர மாட்டாள். முதல் வாரம் நான் தூரமாக எறிந்த பந்து ஒன்றைக்கூட அவள் பிடிக்கவில்லை. நான் கத்தாத கத்து இல்லை. ஷர்மிளாவாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருப்பாள் என்றெல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. “அக்கா, நேனு லைன் மீதனே உன்னானு” என்று தெலுங்கில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் கோட்டின் மேலேதான் இருந்தேன் என்கிறாள்.

அம்மா, இந்த இடத்தில் உங்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஃபிளாக் ஃபுட்பால் என்கிற எங்கள் ஆட்டத்தில் யாரும் யாரையும் இடித்துத் தள்ளுவது கிடையாது. பக்கத்துக்கு ஐந்து பேர். எல்லோர் இடுப்பிலும் நாடா தொங்கும். பந்து வைத்திருப்பவளின் நாடாவை உருவிவிட்டால் ஆட்டம் அங்கே நிற்கும். ஒருத்தி நின்று பந்தை எறிவாள், அவளைத்தான் க்வார்ட்டர்பேக் என்பார்கள். அது நான். இன்னொருத்தி கோடு பிடித்தாற்போல ஓடிப்போய்ப் பிடிப்பாள். அது உங்கள் மகள். தூரத்துப் பந்தை, அவள் இப்போது இருக்கும் இடத்துக்கு எறிந்தால் எட்டாது. எந்த இடத்துக்கு வந்து சேரப் போகிறாளோ, அந்த இடத்துக்கு முன்கூட்டியே எறிய வேண்டும். ஓடுகிறவளுக்கு முதுகுதான் இருக்கும். எறிகிறவளை நம்பித்தான் அவள் ஓட வேண்டும்.

நான் காஞ்சனாவைத் திட்டுவதை நான்கு நாள் பார்த்துவிட்டு நம் கோச் ரஹீம் பாய் ஒரு காரியம் செய்தார். எல்லோரையும் வெளியே உட்காரவைத்தார். மைதானத்தின் நடுவில் நீளமாக ஒரு கோடு போட்டு, நாற்பது கஜத்தில் நீலப் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை வைத்து, அதற்குள் போடு என்றார். ஓட ஆளே இல்லை. முப்பது பந்து எறிந்தேன். இருபத்தாறு பந்து டிரம்முக்கு வலப்பக்கம் விழுந்தது. எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில், சேற்றில் பள்ளமே விழுந்துவிட்டது. அவர் டேப் பிடித்து அளந்தார். ஆறடி. “பாத்தியாம்மா, ஓடறதுக்கு ஆளே இல்ல. பந்து மட்டும் எங்க போவுது பாரு” என்றார், ஆம்பூர்க்காரர்களுக்கே உரிய அந்த இழுவையோடு.

கோளாறு என் இடது காலில். எறிவதற்கு முன் எடுத்து வைக்கும் கடைசி அடி, பந்து போக வேண்டிய திசையைப் பார்த்து விழ வேண்டும். என் கால் குறுக்கே, வலப்பக்கமாக விழுகிறது. அதனால் இடுப்பு முழுதாகத் திரும்புவதில்லை, பந்து வலது பக்கம் ஒதுங்கிப் போகிறது. பத்து கஜத்தில் ஒன்றரை அடிதான் விலகும், கையை நீட்டினால் யாரும் பிடித்துவிடுவார்கள். நாற்பது கஜத்துக்குப் போகும்போது அது ஆறடி ஆகிவிடும். போதாததற்கு, நீ எதிராளியைத் தாண்டிவிட்டாயா என்று பார்த்து உறுதி செய்துகொண்டுதான் நான் எறிவேன். அந்தத் தாமதத்தை ஈடுகட்ட இன்னும் பலமாக எறிவேன். பலமாக எறிய எறியக் கால் இன்னும் குறுக்கே போகும்.

அன்று ரூமுக்கு வந்து போனில் இருந்த பழைய வீடியோக்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் நீ பிடித்த தூரப் பந்துகள் முப்பத்தெட்டு இருந்தன. முன்பெல்லாம் நான் பந்தைத்தான் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை உன் காலை மட்டும் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கடைசி நான்கைந்து அடியில் நீ கோட்டை விட்டு வலப்பக்கம் வளைந்து வருகிறாய். ஒன்றில்கூட நேராக வந்து பிடிக்கவில்லை. என் குறியைப் பார்த்து நம் கிளப்பின் பேகம்பேட் ஆபீஸில் கேக் வெட்டினார்களே, நீயும் வந்து தின்றாயே, அந்தக் குறி என்னிடம் இருந்ததே இல்லை ஷர்மிளா. எனக்கு அவமானமாக இருந்தது. ஒருமுறை நீ ஏன் இப்படி வெளியே வெளியே வருகிறாய் என்று நான் கேட்டபோது, “நக்கோ யார், விடுடி, பந்து எங்க வருதோ அங்க போறதுதானே என் வேலை” என்றாய். உனக்கு நேராக ஓட வராது என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

இனி டிசம்பர் எட்டாம் தேதி. உனக்கு அந்த நாள் நினைவில்லை என்று டாக்டர் சொன்னார். அதனால் நான் சொன்னதைத்தான் நீ நடந்தது என்று வைத்திருக்கிறாய்.

கிரிக்கெட் ஆடுகிறவர்கள் இரும்பு ரோலரை வலப்பக்க ஓரத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நம் வழக்கம் உனக்குத் தெரியும். எறிகிறவள் ஒருத்திதான் மைதானம் முழுவதையும் பார்த்தபடி நிற்பாள், அதனால் அவள்தான் பார்த்து, கையைத் தூக்கி, க்ளியர் என்று கத்த வேண்டும். அவள் கத்தாமல் யாரும் ஓடக் கூடாது. நான் பார்த்தேன். ரோலர் கண்ணில் பட்டது. உன் கோட்டிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி இருந்தது. என் பந்து கோட்டை விட்டு விலகாது என்று எனக்கு அத்தனை திமிர். அதை நகர்த்தச் சொன்னால் நான்கு பேர் வேண்டும், பத்து நிமிஷம் போகும், வெயில் ஏறிவிடும் என்று நினைத்தேன். கையைத் தூக்கி க்ளியர் என்று கத்தினேன். நீ ஓடினாய். என்னால் முடிந்த அளவு தூரம் எறிந்தேன். நீ தலையைத் தூக்கிப் பந்தைப் பார்த்துக்கொண்டே வழக்கம்போல வலப்பக்கம் வந்தாய். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

அம்மா, ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னதான் ஆயிற்று, எப்படி ஆயிற்று என்று கேட்டீர்கள். “லைன விட்டு வெளிய ஓடிட்டாம்மா” என்று சொன்னேன். கிளப்பில் கேட்டபோதும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது நான் அதை நம்பினேன். பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்லவில்லை. ஆனால் டிரம் வைத்து எறிந்தது ஜூன் பத்தொன்பதாம் தேதி. இன்று ஜூலை பன்னிரண்டு. நடுவில் இருக்கும் இந்த மூன்று வாரத்துக்கு என்னிடம் சாக்கு எதுவும் இல்லை. மாநில அணிப் பட்டியல் வரவேண்டியிருந்தது. வந்துவிடட்டும், பிறகு சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பட்டியலில் என் பெயர் வந்தது. அதற்குப் பிறகும் ஐந்து நாள் சும்மா இருந்தேன். அந்த மூன்று வாரமும் அவள் உங்களிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமே இல்லை. என் எறி இப்போது சரியாகிவிட்டது. கால் விழ வேண்டிய இடத்தில் தரையில் வெள்ளை டேப் ஒட்டிக்கொண்டேன். காஞ்சனா பத்தாவது கஜத்தைத் தொடும்போதே, யோசிக்காமல் எறியப் பழகினேன். பந்தைச் சீறிப்போக விடாமல், இடது தோளைத் தூக்கி உயரமாக அனுப்பினேன். அப்போதுதான் ஓடுகிறவளுக்கு அண்ணாந்து பார்த்து அடியில் வந்து நிற்க நேரம் கிடைக்கும். இப்போது இருபதுக்குப் பதினேழு டிரம்மை ஒட்டியே விழுகிறது. காஞ்சனா கோட்டை விட்டு நகராமலேயே பிடிக்கிறாள். எல்லோரும் கை தட்டுகிறார்கள். இதைச் சரிசெய்ய எனக்குப் பிடித்தது பதினொரு நாள். இரண்டு வருஷத்தில் எந்தப் பதினொரு நாளிலும் இதைச் செய்திருக்கலாம். நீ பிடித்துக்கொண்டே இருந்தாய், அதனால் நான் என் காலைக் குனிந்து பார்க்கவில்லை.

இன்று காலையில் கிளப்பில் வேறு அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். ரோலரைப் பார்த்தும் க்ளியர் சொன்னது நான், பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்தது நான், ஓடியவள் மேல் ஒரு தவறும் இல்லை என்று. ரஹீம் பாய், “முடிஞ்சது முடிஞ்சதும்மா, இப்ப எழுதி என்னா ஆவப்போவுது, உன் பேருதான் போவும்” என்றார். அவர் கெட்டவர் இல்லை, உனக்காக அவர் அழுததை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நான் தாளைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. என் பெயர் பட்டியலில் இருக்குமா, இருக்காதா என்று தெரியாது. இருந்தால் போவேனா என்று கேட்டால் அதுவும் தெரியாது. உன்னிடம் பொய் சொல்லக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன், போக ஆசை இருக்கிறது. அந்த ஆசையை நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஷர்மிளா, மன்னித்துவிடு என்று எழுதி எழுதி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். அந்த வார்த்தையை இப்போது உன் முன்னால் வைத்தால், நீ பாவப்பட்டு உடனே சரி என்று சொல்லிவிடுவாய். உன் சுபாவம் எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. எனக்குப் பதில் போட வேண்டும் என்றும் இல்லை. நீ கோபப்பட்டால் நல்லது. தலையை ஆட்டுவதை மட்டும் நிறுத்து. உன்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் இனி ஆமாம் என்று ஆட்டாதே.

அம்மா, நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். சாபம் விட்டாலும் அது எனக்குத்தான் சேர வேண்டும். இதையெல்லாம் உங்கள் வாயாலேயே அவளுக்குப் படித்துச் சொல்லும்படி ஆகிவிட்டது, வேறு வழி எனக்குத் தெரியவில்லை. படித்து முடித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அவளிடம் எதுவும் பேச வேண்டாம். அந்த இடது கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் விட்டாலும் நீங்கள் விடாதீர்கள்.

இப்படிக்கு,
உன்னை ஓடச் சொன்னவள்,
வேதவல்லி