கப்பல் மேல் போட்ட பழி

மரைன் ஹில், போர்ட் பிளேர்
12-8-1973

அன்பு மகள் ஜெயமணிக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் சௌக்கியம் என்றுதான் முதல் வரியில் எழுத வேண்டும், இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள். நீ அந்தச் சீமையில் சுகமாக இருக்க முருகன் துணை. இங்கே மழை விட்டபாடில்லை, துணி காயவில்லை. உன் லெட்டர் வியாழக்கிழமைக் கப்பலில் வந்தது. நிலாவிலிருந்து கொண்டுவந்த கல்லைத் தேய்த்துப் பார்க்கிற படிப்பு முடிகிறது, செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பப் போகிற யந்திரத்து வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், மூன்று வருஷம் வர முடியாது என்று எழுதியிருக்கிறாய். பக்கத்து வீட்டுச் செல்லம், செவ்வாய் தோஷம்னு எத்தனை வரன் தட்டிப்போச்சு, கடைசியில அந்தச் செவ்வாயே சோறு போடுது பாரு என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லையடி. அதிலேயே நீ, அப்பாவிடமிருந்து பதில் வராததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், கப்பல் தாமதமாக இருக்கும் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் அப்பாவுக்கு வாசிக்காமல் விட்டுவிட்டேன்.

ஆமாம், நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வைகாசி வரை இருவருமாக உன்னிடம் மறைத்தோம். கப்பல் நிற்கிற ஜெட்டியில் கடல் எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று அளவுக் கம்பத்தைப் பார்த்து எழுதுவதுதானே அவர் உத்தியோகம், அந்தக் கம்பத்து நம்பரே தெரியவில்லை. சோறு கொண்டுபோகிற சாக்கில் நான் போய்ப் பார்த்துச் சொல்கிறேன், அவர் தடவித் தடவி எழுதுகிறார். ரிட்டையராக இன்னும் ஒன்றரை வருஷம், மேலே தெரிந்தால் அவ்வளவுதான். தினம் இந்த மேடு ஏறி இறங்கி முட்டி தேய்ந்துவிட்டது, அலுத்துப்போச்சு ஜெயமணி.

வைகாசியில் நீ இந்த வேலைக்குப் போகட்டுமா, ஊருக்கு வரட்டுமா என்று கேட்டபோதே அப்பா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பதில் எழுதினார். கண் போகிறது, மெட்ராஸில் ஆபரேஷனுக்கு நீ கூட இருந்தால் தைரியம், படித்தது போதும் வந்துவிடு என்று. தந்தி கொடுத்தால் பதறுவாய் என்று அவரே வேண்டாமென்றார். கவரை ஒட்டி என்னிடம்தான் தந்தார். நான் தபாலில் போடவில்லை. அரிசி டின்னுக்கடியில் வைத்துவிட்டு, கப்பல் போன பிறகு போட்டாச்சு என்றேன். இந்த ஊரில் ரேஷன் வராவிட்டாலும் கல்யாணம் தள்ளிப்போனாலும் கப்பல் மேல்தானே பழி, இதையும் அதன் தலையில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். நீ வந்தால் திரும்பப் போகமாட்டாய், எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாகக் கடல் தாண்டி மேன்லேண்ட் பக்கமே போகாதவள் நான், நீயாவது நினைத்த இடத்துக்குப் போ என்றிருந்தது. அவரோ உன் லெட்டரைக் கேட்டுவிட்டு, வா என்று எழுதியும் அவள் வரவில்லை, சரி, அவள் இஷ்டம் என்றார். அப்புறம் உன் பேச்சையே எடுப்பதில்லை. நேற்று மழையில் நனைந்துகொண்டு நம்பரைச் சொன்னேன். எழுதிக்கொண்டே, நீயாவது உள்ளதைச் சொல்றியே பொன்னம்மா என்றார். வீட்டுக்கு வந்ததும் அரிசி டின்னை நகர்த்தி அந்தக் கவரை எடுத்துவிட்டேன்.

அவர் லெட்டரைப் பிரிக்காமல் இதோடு வைத்திருக்கிறேன், ஓரத்தில் பூச்சி அரித்திருக்கிறது. வருவதோ இருப்பதோ நீயே முடிவு செய், இனி நான் குறுக்கே வரமாட்டேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு. நோய் நொடி அண்டாமல், எடுத்த காரியம் ஜெயித்து, நூறு வயசு இரு. ஒன்றை மறக்காதே. அப்பாவுக்குத் தனியாக எழுது, நான் செய்ததையும் சேர்த்து எழுது. வாசிக்கப் போவது நான்தான், ஒரு வரி விடமாட்டேன்.

உன் அம்மா,
பொன்னம்மா